ஏழாம் வருஷம்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் ஏழு வருஷம் படிப்பித்த பிறகு எனக்கும் சபற்றிக்கல் லீவு வந்தது. படிப்பித்தலை விட்டு ஆய்வு செய்ய, முழுச் சம்பளத்தோடு ஒரு வருஷம். ஆறு வருஷம் விதைத்த நிலத்தை ஏழாம் வருஷம் தரிசாக விடச் சொல்லும் யூத வேதத்திலிருந்து வந்த வழக்கம் இது. 1880இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் அதைப் பேராசிரியர்களுக்குக் கொண்டுவந்தது.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். நான் போனது மட்டக்களப்பு வாவிக்கு அக்கரை, படுவான்கரைக்கு. அங்கே கூத்துப் பழக்கும் வயது போன அண்ணாவியார் ஒருவரிடம் வடமோடி வகைக் கூத்தின் கொப்பி ஒன்று இருந்தது. அதற்கு முன்பும் விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்திருக்கிறேன். மனம் விடைத்தாள் கட்டிலேயே கிடக்கும். இரண்டு மணித்தியாலத்தில் எழும்பி வந்துவிடுவேன்.

கொப்பியின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. ஒரு தருவில், அதாவது கூத்துப் பாட்டில், கடைசிச் சொற்களே இல்லை. என்ன சொல் என்று கேட்டேன். “கேட்டா வராது தம்பி, ஆடினாத்தான் வரும்” என்றார். துவாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயால் தாளக்கட்டைச் சொல்லி, முற்றத்தில் மெல்ல மிதித்தார். சொல் வரவில்லை. தேத்தண்ணி குடித்தோம். திரும்ப ஆடினார். வெயில் உச்சிக்கு வந்தபோது, காலைத் திருப்பிய இடத்தில் அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது! எந்த நேரசூசியில் அதற்கு இடமிருக்கிறது? இந்த லீவு ஓய்வுக்கானதில்லை, இப்படிக் காத்திருப்பதற்கானது என்று அன்று எனக்கு விளங்கியது.

அந்தப் பொழுதுக்கும் எனக்குச் சம்பளம் வந்தது, மக்களின் வரிப்பணத்தில். என் பாடங்களை என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் தற்காலிக விரிவுரையாளராக எடுத்தார். அவருடைய வேலைக்கு அடுத்த வருஷம் உத்தரவாதமில்லை. பாடசாலை ஆசிரியர்களுக்கு இப்படியொரு வருஷமே இல்லை. அண்ணாவியாரும் மாரிகால நெற்செய்கையான பெரும்போகம் தொடங்கினால் வயலுக்குப் போய்விடுவார், அறுவடை முடியும்வரை கொப்பி மூடியே கிடக்கும். இதையெல்லாம் நினைத்தால் ஒரு நாளையும் வீணாக்க மனம் வராது.

வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று தருக்களில் சொற்கள் விடுபட்டிருக்கின்றன. இப்போது சனிக்கிழமைகளில் போகிறேன். அந்தப் பிள்ளையும் கூடவே வருகிறார், அண்ணாவியார் ஆடும்போது போனில் பதிவு செய்ய.