தங்கை வீட்டுக்கு ஜப்பான் பயணம்: உறவுச் சான்று முதல் ஊர் வழக்கம் வரை

ஜப்பானுக்குச் சுற்றுலாப் பயணியாகச் செல்பவர் தம் வங்கிக் கணக்கையும் விடுதி முன்பதிவையும் காட்டி விசா கேட்கிறார். அங்கே வாழும் உறவினரின் அழைப்பின்பேரில் செல்பவருக்காக, அந்த உறவினரும் பல தாள்களில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அவற்றுள் முக்கியமானது உத்தரவாதக் கடிதம். விருந்தினர் தங்கும் செலவு, அவர் ஊர் திரும்பும் செலவு, ஜப்பானியச் சட்டங்களுக்கு அவர் கட்டுப்பட்டு நடப்பது ஆகிய மூன்றுக்கும் அழைப்பவர் பொறுப்பேற்பதாக அதில் எழுதித் தருகிறார். டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தங்கை எங்கள் ஐவருக்காகவும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். அவளுடைய பெயருக்கு ஒரு சிறு குறையும் வந்துவிடக் கூடாது என்பதை மனத்தில் வைத்தே, என் அம்மா, நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள் என நாங்கள் மே மாதப் பள்ளி விடுமுறையில் மேற்கொண்ட இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் திட்டமிட்டோம். இதே வழியில் செல்லவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

உறவினரைப் பார்க்கச் செல்வதற்கான விசாவில் 'உறவினர்' என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இரத்த உறவாலோ திருமண உறவாலோ மூன்றாம் படிக்குள் இருப்பவர்களே அதில் அடங்குவர். என் தங்கையிலிருந்து எண்ணினால் அம்மா முதல் படி, அக்காவாகிய நான் இரண்டாம் படி, என் கணவர் திருமண உறவில் இரண்டாம் படி, என் பிள்ளைகள் மூன்றாம் படி. தங்கையின் கணவர் எங்களை அழைத்திருந்தால் இந்தக் கணக்கே மாறியிருக்கும். அவருடைய மனைவியின் அக்காள் கணவர் என்ற உறவு இந்த வரிசைக்குள் வராது. அதனால், இருவரும் வேலையில் இருந்தபோதிலும், அழைப்பவர் என்ற இடத்தில் தங்கையின் பெயரையே எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

அவள் அங்கிருந்து அனுப்ப வேண்டியவை: அழைப்புக்கான காரணத்தை விளக்கும் கடிதம், நாள்வாரியான தங்கும் திட்டம், உத்தரவாதக் கடிதம், வேலையில் இருப்பதற்கான சான்று, வருமானத்தைக் காட்டும் வரிச் சான்று, அவள் வசிக்கும் டோக்கியோ நகர வட்டத்தின் (வார்டு) அலுவலகம் வழங்கும் 'ஜூமின்ஹ்யோ' எனப்படும் குடியிருப்புப் பதிவு. இந்தக் கடைசித் தாளில் குடும்பத்தினர் அனைவரும் இடம்பெற வேண்டும்; ஆனால் 'மை நம்பர்' என்னும் தனிநபர் எண் அச்சாகியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் பெற்ற சான்றுகளாகவும் அவை இருக்க வேண்டும் என்பதால், எங்கள் பக்கத்து ஆவணங்கள் ஏறத்தாழத் தயாரான பிறகே தங்கை வட்ட அலுவலகத்துக்குச் சென்றாள்.

எங்கள் பக்கத்தில் அதிகமாக உழைக்க வைத்தது உறவுச் சான்றுதான். தமிழ்க் குடும்பங்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பொதுவாக இல்லை. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் கணவரின் பெயர் இருக்கிறது. தங்கையின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அம்மாவின் கடவுச்சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. மூன்று பேரையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு, தொடர்பே இல்லாத மூன்று பெண்களாகத்தான் நாங்கள் தெரிவோம். போதாக்குறைக்கு, தங்கையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் மட்டுமே இருந்தது. குழந்தையின் பெயர் பதியப்படவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்காமல் விட்ட குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். பள்ளிச் சான்றிதழைக் காட்டி நகராட்சியில் பெயரைப் பதிந்து, புதிய பிரதி வாங்கினோம். பயணத்தைப் பற்றிய பேச்சு எழுந்த உடனேயே இந்த வேலையைத் தொடங்கியிருந்ததால் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

நமக்குக் கைகொடுக்கும் இன்னோர் ஆவணம் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கம். அதில் தந்தை பெயரும் தாய் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றன. என்னுடையதிலும் தங்கையுடையதிலும் அதே இரு பெயர்கள், அதே எழுத்துக்கூட்டலில் இருந்தன. அந்த இரு பக்கங்களின் நகல்கள், இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், என் திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு, தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதும் வழக்கத்தை ஒரே பக்கத்தில் விளக்கும் கடிதத்தையும் இணைத்தோம். யார் யாருக்கு என்ன உறவு, அதை எந்த ஆவணம் காட்டுகிறது என்பதைக் கட்டம் போட்டு அதில் எழுதியிருந்தேன். தமிழில் மட்டும் இருந்த சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு செய்து நோட்டரி கையொப்பம் பெற்றோம். சென்னையிலுள்ள விசா விண்ணப்ப மையத்தின் வழியாக இவை துணைத் தூதரகத்துக்குச் சென்றன. கூடுதல் ஆவணம் எதுவும் கேட்காமல் ஐந்து பேருக்கும் விசா கிடைத்தது. அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது அம்மாவின் மருந்துகள். நாங்கள் நால்வரும் விடுமுறை முடிவதற்குள் திரும்பிவிடுவது என்றும், அம்மா மட்டும் தங்கையோடு இருந்து, ஜூலையில் அவர்கள் குடும்பமாக ஊருக்கு வரும்போது உடன் வருவது என்றும் ஏற்பாடு. அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மட்டுமே முன் அனுமதியின்றி ஜப்பானுக்குள் எடுத்துச் செல்லலாம்; கடையில் நேரடியாக வாங்கும் சாதாரண மருந்துகளுக்கு இரண்டு மாத அளவு. அதற்கு மேல் தேவைப்பட்டால் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே பெற வேண்டும். விமானம் டோக்கியோவில் இறங்குகிறது என்றால், கான்டோ-ஷின்எட்சு வட்டார சுகாதார நல அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயர், மில்லிகிராம் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை என்ற விவரங்களோடு எங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி, பயணச்சீட்டு விவரத்தோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினோம். சான்று மின்னஞ்சலிலேயே வந்தது. அச்செடுத்து மருந்துப் பையின் மேலேயே வைத்துக்கொண்டு, சுங்கத்தில் காட்டினோம்.

மூக்கடைப்புக்கு நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் என்ற வேதிப்பொருள் இருப்பதுண்டு. அது 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு செல்லவே கூடாது. வீட்டில் இருந்த சளி மாத்திரைப் பட்டைகள் அனைத்தையும் அங்கேயே வைத்துவிட்டோம். வயதானவர்களை அழைத்துச் செல்லும் எவரும் இந்த ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உணவுப் பொருள்களிலும் இதே கவனம் தேவைப்பட்டது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம், தேங்காய் என்று தாய்வீட்டிலிருந்து கொண்டுபோக அம்மாவுக்கு ஆசை. தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத பச்சைக் காய், கனி, இலை எதையும் ஜப்பான் அனுமதிப்பதில்லை; இறைச்சி கலந்த பொருள்களும் கூடாது. அரைத்த சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, வற்றல் குழம்புப் பொடி, பாக்கெட்டில் அடைத்த நீலகிரித் தேயிலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். பருப்பையும் அரிசியையும் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. எடோகாவா வட்டத்தின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வசிப்பதால், துவரம்பருப்பு முதல் பெருங்காயம் வரை நடந்துபோய் வாங்கும் தூரத்தில் கிடைக்கின்றன.

தங்கை குடியிருப்பது அங்கேயுள்ள அடுக்குமாடி வீடு ஒன்றில். இரண்டு சிறிய அறைகள், அவற்றில் ஐந்து விருந்தினர். நாங்கள் வருவதற்கு முன்பே அவள் கீழ்வீட்டாரிடம் சென்று, ஊரிலிருந்து குடும்பம் வருகிறது, பிள்ளைகளின் காலடி ஓசை சில நாட்களுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தாள். வந்த மறுநாள் நானும் அவளும் நீலகிரித் தேயிலைப் பாக்கெட்டோடு அந்த வீட்டுக்குச் சென்று வணங்கிவிட்டு வந்தோம். மிக்ஸியைக் காலை எட்டு மணிக்குப் பிறகே ஓட்டுவது, பிள்ளைகள் அறைக்குள் ஓடாமல் மாலையில் பூங்காவில் விளையாடுவது என்ற ஒழுங்கை அனைவரும் கடைப்பிடித்தோம்.

குப்பை இன்னொரு பாடம். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக் உறை, 'பெட்' (PET) எனப்படும் பிளாஸ்டிக் பாட்டில் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிழமை உண்டு. அன்றைய காலை 8 மணிக்குள் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். பாட்டிலைக் கழுவி, மூடியையும் ஒட்டுத்தாளையும் பிரித்தெடுக்கும் வேலையை என் மகள் விரும்பி ஏற்றுக்கொண்டாள். குப்பைப் பைகளைக் காகங்கள் கிழித்துவிடாமலிருக்க அவற்றின்மேல் வலை விரித்திருப்பார்கள். இங்கேதான் அம்மாவுக்கு ஒரு சங்கடம் எழுந்தது. அப்பா காலமானதிலிருந்து அமாவாசைதோறும் காகத்துக்குச் சோறு வைத்த பிறகே அம்மா சாப்பிடுவார். பால்கனியில் சோறு வைத்தால் காகங்கள் கூடும், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகும். "அம்மா, இங்க காக்காவுக்கு வைக்க வேண்டாம்மா, அப்பா படத்துக்கு முன்னாடி வெச்சுக்கலாம்" என்று தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உன் வீட்டு வழக்கம் எதுவோ அதுதான் எனக்கும்" என்று சொல்லிவிட்டு, வாழையிலை இல்லாத அந்த வீட்டில் ஒரு சிறு தட்டில் படைத்துக் கும்பிட்டார்.

வெளியே செல்லும் நாட்களை அம்மாவின் முழங்காலைக் கணக்கில் கொண்டு வகுத்தோம். பெரும்பாலான நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது என்றாலும், அது நாம் நிற்கும் வாயிலுக்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கக் கூடும். எந்த வாயில் என்று முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ரயில் கட்டணம் பாதி. கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது குறுகிய காலப் பயணிகளுக்குச் சட்டப்படியான கடமை. அருகிலுள்ள கடைக்குச் செல்லும்போதுகூட நாங்கள் அதை விட்டுச் செல்லவில்லை.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த இடம் அசாகுசாவில் உள்ள மட்சுசியாமா ஷோதென் கோயில். அங்கே வழிபடப்படும் கங்கிதென், நம் பிள்ளையாரின் ஜப்பானிய வடிவம். மூலவரை யாரும் பார்க்க முடியாது. சன்னிதி மூடியே இருக்கும். குன்றின் மேலே ஏற முடியாதவர்களுக்காக ஒரு குட்டித் தண்டவாள வண்டி ஓடுகிறது. அம்மா அதில் ஏறிச் சென்றார். கல்லிலும் மரத்திலும் எங்கு பார்த்தாலும் இணைந்த இரு முள்ளங்கிகளும் சுருக்குப் பையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே காணிக்கை முள்ளங்கிதான். முழங்கை நீளத்துக்கு, பனி போல் வெண்மையாக, இலைக் காம்போடு இருக்கிறது. படைத்து இறக்கிய முள்ளங்கிகளை வருவோர் எடுத்துச் செல்லலாம். அம்மா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே வீடு வரை வந்து, அன்றிரவு சாம்பார் வைத்தார்.

கியோட்டோ செல்ல நாடு முழுவதுக்குமான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில் பாஸ் எடுக்க வேண்டியதில்லை. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலின் கட்டணம் அதைவிட மிகவும் குறைவு. மூன்று பக்க அளவுகளின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்பதால், பெரிய பெட்டிகளைத் தங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தோள்பைகளோடு சென்றோம். சைவம் உண்பவர்களுக்கு அங்கே பெரும் தடை மீன்சாறுதான். காய்கறி மட்டுமே தெரிகிற சூப்பிலும் அது கலந்திருக்கும். தென்ரியூஜி கோயில் வளாகத்தில் புத்தத் துறவிகளின் மரக்கறி உணவு கிடைக்கிறது என்பதால் ஒரு நாள் மதிய உணவை அங்கே வைத்துக்கொண்டோம். மற்ற வேளைகளுக்குத் தங்கை கட்டிக்கொடுத்த புளியோதரை போதுமானதாக இருந்தது.

கியோட்டோவில் படிகள் ஏறத் தேவையில்லாத இடமாகத் தேடியபோது அமைந்தது சஞ்சூசன்கென்தோ என்னும் புத்தக் கோயில். ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1001 சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் காவலாக நிற்கும் 28 தெய்வங்களில் இந்திரனும் பிரம்மனும் இருக்கிறார்கள். இறக்கை விரித்து, பறவை மூக்கோடு, குழல் ஊதும் கருடனும் இருக்கிறார். காலணிகளைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அம்மா கருடன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்த ஜப்பானிய மூதாட்டி ஒருவர், தாமும் அருகில் வந்து நின்று கைகூப்பினார்.

நாங்கள் திரும்பிய பிறகு அம்மா ஜூலை வரை அங்கே இருந்துவிட்டுத் தங்கை குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். விசாவில் தங்கும் காலம் 15, 30, 90 நாட்கள் எனப் பிரித்தே வழங்கப்படுகிறது. அம்மாவின் தங்கும் திட்டத்தைத் தனியாக எழுதிக் காரணத்தையும் விளக்கியிருந்ததால் அவருக்கு 90 நாட்கள் கிடைத்திருந்தன. அடுத்த வசந்தத்தில் தங்கையின் மாமியார் செல்லவிருக்கிறார். அந்த விண்ணப்பத்துக்கு அழைப்பவர் தங்கையின் கணவர். அவருடைய பிறப்புச் சான்றிதழிலும் பெயர் பதியப்பட்டிருக்கவில்லை என்பதால், ஊருக்கு வந்த அந்த ஜூலையிலேயே நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கிறார்.