மூலையில் மினுக்கும் பொய் வைரஸ்

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்புகிறது. சிவப்புக் கேடயம், பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் ஒன்றின் சின்னம், “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே நீக்குங்கள்” என்று ஒரு வரி. கண் அந்தக் கேடயத்துக்குத்தான் போகும். பார்க்க வேண்டிய இடம் வேறு. அதே பெட்டியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு வரி இருக்கும். அதில் கூகுள் குரோம் என்ற பெயரும், கூடவே எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்த, கேள்விப்பட்டே இராத ஓர் இணைய முகவரியும் இருக்கும். விண்டோஸின் சொந்த எச்சரிக்கை என்றால் தலைப்பில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று இருக்கும். எந்த வலைத்தளத்தின் முகவரியும் இருக்காது. முகவரி இருந்தால் அது வலைத்தளம் அனுப்பிய நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த் ஆனாலும் ஃபீனிக்ஸ் ஆனாலும், தமிழ் வீடுகளுக்குள் இந்தப் பெட்டி நுழைகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். இலவசமாகத் தமிழ் நாடகம், புதுப்படம், பழைய பக்திப் பாட்டின் எம்பி3 தரும் தளங்கள். பிளே பட்டனை அழுத்தினால் படம் ஓடாது, புது டேப் ஒன்று திறக்கும். “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்” என்று எழுதி, இடது மேல் மூலையை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த மூலையில் பிரவுசர் “இந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா” என்று நேர்மையாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையான ரோபோ சோதனை எதுவும் பிரவுசரின் அனுமதிப் பெட்டியைப் பயன்படுத்தாது. படத்தில் பஸ்ஸைத் தேடச் சொல்லும், கட்டத்தில் டிக் போடச் சொல்லும், அலவ் கேட்காது.

அலவ் அழுத்திவிட்டால் அந்தத் தளம் பிரவுசருக்குள் சர்வீஸ் வொர்க்கர் என்ற சின்ன நிரலைப் பதிந்துவிடும். டேப்பை மூடினாலும் போகாது, ஹிஸ்டரியை அழித்தாலும் அனுமதி அப்படியே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து, இருபது பொய் எச்சரிக்கை என்று வந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் சில சமயம் உண்மையான ஆன்டிவைரஸ் விற்பனைப் பக்கத்துக்கே கொண்டுபோகும். நீங்கள் வாங்கினால் நடுவில் நிற்கும் தரகனுக்குக் கமிஷன். சில சமயம் அட்டை எண்ணைக் கறக்கும் போலிப் பக்கம்.

ஆன்டிவைரஸை எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் சிக்காததற்குக் காரணம் இதுதான். டிஸ்கில் எதுவுமே இல்லை. இருப்பது பிரவுசரில் நாமே கொடுத்த ஓர் அனுமதி. இதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் அடித்து, குடும்பப் படங்களை இழந்து, காசும் கொடுத்துவிட்டு வருவது வீண் செலவு. மூன்று நிமிட வேலை.

குரோமில் மேல் வலது மூலையின் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். வாட்ஸ்அப், ஜிமெயில் போலத் தெரிந்த பெயர்களை விட்டுவிடுங்கள். தெரியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு பிளாக் கொடுங்கள். ரிமூவ் என்றும் ஒன்று இருக்கும். அது அரைகுறை வேலை. ரிமூவ் செய்த தளம் அடுத்த முறை போனால் மறுபடி கேட்கும், வீட்டில் யாராவது மறுபடி அலவ் அழுத்துவார்கள். பிளாக் செய்த தளத்தால் கேட்கவே முடியாது. அதே பக்கத்தின் மேல் பகுதியில், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதிக்காதே என்ற தேர்வும் உண்டு. ஆயா, தாத்தா பயன்படுத்தும் கணினியில் அதைப் போட்டுவிடுவதே நல்லது. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸில் இதே பெயரில் ஒரு பகுதி உண்டு.

ஆண்ட்ராய்டு போனில் இன்னும் சுலபம். எச்சரிக்கை வரும்போது அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் நிறுத்தும் வழி அங்கேயே வரும். ஐபோனில் வேறு வேஷம்: காலண்டரில் “உங்கள் ஐபோன் பாதுகாப்பில் இல்லை” என்று தினமும் நிகழ்ச்சிகள் முளைக்கும். தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தா கொடுத்திருப்பீர்கள். காலண்டர் செயலியில் கீழே காலண்டர்ஸ் என்பதைத் தொட்டு, தெரியாத பெயருக்குப் பக்கத்து ஐ குறியை அழுத்தி, சந்தாவை நீக்கினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்.

போனில் இன்னொரு வகையும் நம் ஊரில் உண்டு. “வைரஸை நீக்க கன்டினியூ அழுத்துங்கள்” என்ற பக்கம் வைரஸைப் பற்றியதே இல்லை. அது தினச் சந்தா. மறுநாளிலிருந்து ஏர்டைம் நாளுக்குச் சில ரேண்டாகக் கரையும். “டேட்டா சீக்கிரம் தீர்ந்துபோகிறது” என்று பெரியவர்கள் புலம்பினால் சந்தாவையும் ஒருமுறை சோதியுங்கள். நெட்வொர்க்கின் செயலியில் சந்தாக்கள் பகுதியைப் பார்த்து நிறுத்தலாம். நிறுத்த மறுத்தால் இந்தச் சேவைக்காரர்களின் சங்கமான வாஸ்பாவிடம் புகார் செய்யலாம்; அதற்கு நடத்தை விதிகள் உண்டு.

அடுத்தது திரை முழுக்க வருவது. நீலமோ சிவப்போ முழுத்திரை, காது கிழியும் சைரன், ஆங்கிலத்தில் பேசும் பெண் குரல், நடுவில் ஒரு தொலைபேசி எண், “கணினியை அணைக்காதீர்கள்” என்ற மிரட்டல். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் பொய். உங்கள் இணைய இணைப்பின் அடையாளமான ஐபி எண்ணையும் ஊரையும் காட்டி மிரட்டுவார்கள். அது எந்த வலைத்தளத்துக்கும் தெரிகிற தகவல். அதுவும் பாதி தப்பு: மொபைல் டேட்டாவில் சாட்ஸ்வர்த்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல நேரம் ஜோகன்னஸ்பர்க் என்று காட்டும். பிரவுசருக்குள் திறக்கும் பக்கத்தால் உங்கள் டிஸ்கைத் துழாவிப் பார்க்க முடியாது. அங்கே ஓடும் “ஸ்கேன்” வெறும் அனிமேஷன்.

இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிளிக் செய்யாதீர்கள். முழுத்திரைக்குப் போக பிரவுசர் பயனரின் ஒரு கிளிக்கை எதிர்பார்க்கும். அந்த ஒரு கிளிக்கைத் திருடத்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டம். மூலையில் தெரியும் எக்ஸ், கேன்சல் எல்லாம் படத்தில் வரைந்தவை. எதைத் தொட்டாலும் மறுபடி முழுத்திரைதான். மவுஸ் குறி காணாமல் போயிருந்தால் அதையும் அவர்கள்தான் மறைத்திருக்கிறார்கள். மவுஸை விட்டுவிட்டு கீபோர்டுக்கு வாருங்கள். போனில் அம்மாவுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: “மவுஸைத் தொடாதீங்கம்மா. இடது மேல் மூலையில எஸ்கேப் இருக்கா? அதை அமுக்கி, விடாம ரெண்டு மூணு விநாடி பிடிச்சிருங்க.” தட்டினால் போதாது, பிடித்திருக்க வேண்டும், கீபோர்டைப் பூட்டும் வசதியைப் பக்கம் பயன்படுத்தியிருந்தால் அப்போதுதான் குரோம் விடும். முழுத்திரை விலகியதும் கண்ட்ரோல் டபிள்யூ, டேப் மூடிவிடும்.

அதற்கும் மசியவில்லையா, கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அதை எந்த வலைப்பக்கத்தாலும் தடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து எண்ட் டாஸ்க். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். கடைசி வழி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைப்பது. சேமிக்காத வேலை போகும், வேறொன்றும் ஆகாது.

மறுபடி திறக்கும்போது ஒரு பொறி காத்திருக்கும். “பக்கங்களை ரீஸ்டோர் செய்யவா” என்று குரோம் கேட்கும். லோட் ஷெடிங் காலத்தில் கரண்ட் வந்ததும் ரீஸ்டோர் அழுத்தியே நமக்கெல்லாம் விரல் பழகிவிட்டது. அழுத்தினால் அதே சைரன் திரும்ப வரும். வேண்டாம் என்று மூடுங்கள். கேட்காமலேயே பழைய பக்கங்கள் திறக்கும்படி வைத்திருந்தால், முதலில் வைஃபையை அணைத்துவிட்டுப் பிரவுசரைத் திறந்து அந்த டேபை மூடுங்கள். பிறகு செட்டிங்ஸில் தொடக்கத்தில் புது டேப் திறக்கும்படி மாற்றுங்கள்.

முழுத்திரையில் தெரிந்த அந்த எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு நடப்பது கிட்டத்தட்ட ஒரே நாடகம். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தச் சொல்லி, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறக்க வைப்பார்கள். உள்ளே வரிவரியாகச் சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமும். “பாருங்கள், எல்லாம் வைரஸ்” என்பார்கள். கடையில் இருந்து நேற்று வந்த கணினியிலும் சில நாளில் இப்படித்தான் இருக்கும். 10016 என்ற எண்ணோடு வரும் பதிவைப் புறக்கணிக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. பிறகு எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி கணினியைக் கைப்பற்றுவார்கள். “காசைத் திருப்பித் தருகிறோம், பேங்க் பக்கத்தைத் திறங்கள்” என்பது அடுத்த கட்டம். திரையில் தெரியும் இருப்புத் தொகையைப் பிரவுசரிலேயே மாற்றி எழுதி, “தவறுதலாக அதிகம் போட்டுவிட்டோம், மீதியைத் திருப்புங்கள்” என்று அழுவார்கள். பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய எண்ணே வந்துவிடும். அதனால்தான் ரீலோட் செய்ய விடமாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட இப்போது அதிகம் பயப்பட வேண்டியது வேறொன்று. 2024 முதல் பரவலாகிவிட்டது. பார்க்க அதே “நான் ரோபோ அல்ல” பக்கம்தான். டிக் போட்டதும் மூன்று படி சொல்லும்: விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர். நீங்கள் டிக் போட்ட நொடியிலேயே ஒரு நீளமான கட்டளையை அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்திருக்கும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தினால் திறக்கும் ரன் பெட்டி சிறியது, அதனால் கட்டளையின் வால்தான் தெரியும். அந்த வாலில் “சரிபார்ப்பு எண்” என்று ஏதோ அப்பாவித்தனமாக எழுதியிருக்கும். என்டர் அழுத்தினால் பாஸ்வேர்டு திருடும் நிரல் இறங்கி ஓடும். மேலே சொன்ன வைரஸ் எச்சரிக்கையெல்லாம் பூச்சாண்டி. இது மட்டும் நிஜப் பேய். எந்த வலைத்தளத்துக்காகவும் ரன் பெட்டியிலோ, மேக்கில் டெர்மினலிலோ எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் இணையத்தைத் துண்டித்து, வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, “எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு” என்பதையும் கொடுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசரின் குக்கீயையும் எடுத்துப் போயிருப்பார்கள் என்பதால் பாஸ்வேர்டு மட்டும் மாற்றினால் போதாது. அந்தக் கணினியை முழுதாக ரீசெட் செய்வதே சரி. ஃபார்மட் நியாயமான இடம் இது ஒன்றுதான்.

கணினியின் கட்டுப்பாட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டால் நேரம்தான் முக்கியம். 2023 மார்ச்சில் வந்த பேஷாப் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் சில நொடிகளில் போய்ச் சேர்கிறது, திரும்பப் பிடிப்பது கடினம். வைஃபையை அணைத்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணில் பேங்கின் மோசடிப் பிரிவை அழையுங்கள். தேடலில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், அங்கும் விளம்பரத்தில் போலி எண் உண்டு. காவல் நிலையத்தில் பதிந்து வழக்கு எண் வாங்குங்கள், பேங்க் அதைக் கேட்கும். ஐடி எண்ணையும் கொடுத்துவிட்டிருந்தால் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு இலவசமாகச் செய்யலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கடன் கொடுப்பவருக்கு எச்சரிக்கை போகும். பேங்கோடு தகராறு தீராவிட்டால் 2024 மார்ச் முதல் இயங்கும், புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் அமைப்பு இருக்கிறது.

கணினியில் எனிடெஸ்க் போன்றவற்றை நீக்க, செட்டிங்ஸின் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் புதிதாக வந்தவை மேலே நிற்கும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி தானே அணைந்து எழுந்து, சுமார் 15 நிமிடம் எடுக்கும். இதற்குக் காசு இல்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே பெரும்பாலான வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதிலேயே இருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேரவோ 11க்கு மாறவோ வேண்டும்.

வராமல் தடுக்க, விளம்பரத் தடுப்பான் ஆன்டிவைரஸை விட அதிகம் உதவும், இந்தப் பக்கங்கள் விளம்பர வழியாகத்தான் வருகின்றன என்பதால். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழுசாக வேலை செய்கிறது. குரோமில் அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும். எட்ஜில் ஸ்கேர்வேர் பிளாக்கர் என்று ஒன்று வந்திருக்கிறது, முழுத்திரை மிரட்டலைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது.

ஆண்ட்ராய்டு 9 முதல், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் பிரைவேட் டிஎன்எஸ் என்ற வசதியும் உண்டு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் இருக்கும். சாம்சங்கில் கனெக்ஷன்ஸின் அடியில். அதில் டிஎன்எஸ் புள்ளி குவாட்9 புள்ளி நெட் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால், தீங்கானவை என்று தெரிந்த தளங்கள் போனில் திறக்காது. மொபைல் டேட்டாவுக்கும் பொருந்தும். வீட்டு ரவுட்டரில் என்றால் 9.9.9.9. ஒரே தொல்லை: மால் வைஃபையில் லாகின் பக்கம் வராமல் அடம் பிடிக்கும். அப்போது பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேடிக்குக்கு மாற்றி, உள்ளே போனதும் பழையபடி வைத்துவிடுங்கள்.