ஜெலுத்தோங், பினாங்கு, ஜூலை

ஜூலை 4, வியாழன்
என் வீட்டுக்காரர் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினில். வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிட்டார். கஞ்சிகூட வேண்டாமாம்.

ஜூலை 5, வெள்ளி
இளநீர் கேட்டார். பொட்டாசியம், பழுதான சிறுநீரகத்துக்குக் கூடாது. கேட்டதற்காக அவரே வருத்தப்பட்டார்.

ஜூலை 7, ஞாயிறு
சபைக்கு நான் மட்டும். போதகர் பிலிப்பியரிலிருந்து எடுத்தார்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசம் இருந்தா இந்த மிஷினெல்லாம் எதுக்கும்மா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் அழுதேன். வசனத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அதை எழுதிய பவுல் சிறையில் கட்டுண்டு கிடந்தவர், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு.

ஜூலை 9, செவ்வாய்
உடம்பில் நீர் தங்கி எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஏமாற்றிக்கொள்கிறார். வெயிலோ கொளுத்துகிறது.

ஜூலை 10, புதன்
ராத்திரி அவர் கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்த இடத்தில், காதை வைத்துக் கேட்டேன். ரத்தம் ஓடும் இரைச்சல் இருக்கிறது. ஸ்தோத்திரம்.

ஜூலை 13, சனி
செண்டரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிலிப்பியர் முழுவதையும் படித்தேன். நான்கே அதிகாரம். இத்தனை வருஷமாக எப்பாப்பிரோதீத்துவை எப்படிக் கவனிக்காமல் போனேன்! பிலிப்பி சபையார் பவுலுக்குக் காணிக்கை கொடுத்து அனுப்பிய மனிதர். போன இடத்தில் சாகும் நிலைக்குப் போய்விட்டார். அதுவல்ல அவர் கவலை. தனக்கு உடம்பு சரியில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் தவித்திருக்கிறார்! அப்படியே என் வீட்டுக்காரர். ஜொகூரில் இருக்கும் மகளிடம், "அப்பா நல்லா இருக்கேன்மா" தவிர வேறு பேச்சே கிடையாது.

இன்னொன்று. மெலித்தா தீவில் பவுல் கை வைத்து ஜெபித்து ஒருவரின் காய்ச்சலைக் குணமாக்கினார். அதே பவுல் இந்தக் கூட்டாளி விஷயத்தில் தன் ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தேவன் இரங்கினார் என்கிறார், அவ்வளவுதான். அவன் போயிருந்தால் தனக்கு "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிற அதே கடிதத்தில்! பயந்தவர்தான் சொல்கிறார். அப்படியானால் நானும் பயந்துகொண்டே சந்தோஷப்படலாம். அந்த அக்கா இதைப் படித்திருப்பாரா?

படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே, "இன்னொரு தடவை வாசி" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்
பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினார்கள். எழுத முடியவில்லை.

ஜூலை 18, வியாழன்
அத்திமரம் துளிர்விடாமற்போனாலும். திராட்சை இல்லை, ஒலிவம் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆபகூக் ஒன்றைக்கூட விடாமல் எண்ணுகிறார். அதன் பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்". நானும் இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். அவர் வேலை, வேனை விற்றது, இளநீர், தூக்கம். எண்ணி முடித்த பிறகும் வாய் பாடியது. சத்தியமாக.

ஜூலை 21, ஞாயிறு
சபைக்கு வந்தார்! கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே. கீர்த்தனையில் இரண்டாம் சரணத்துக்கே மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. நானோ சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26, வெள்ளி
கீழ்மாடி அக்கா பாலம் தாண்டி புக்கிட் மெர்த்தாஜாம் போய்விட்டு வந்தார், புனித அன்னாள் திருவிழா. என் வீட்டுக்காரர் பேரில் மெழுகுவர்த்தி ஏற்றினாராம். நாங்கள் மெத்தடிஸ்ட், புனிதர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. இருந்தாலும் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 28, ஞாயிறு
விடியற்காலையில் காதை வைத்தேன். இரைச்சல் இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். இல்லை.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தா. கையில் அந்த இணைப்பில் ரத்தம் உறைந்துவிட்டதாம். எடுத்துப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக விழுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம் மட்டும் உள்ளே அசையாமல் இருக்கிறது. எங்கிருந்து என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு நானே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "ஏன் பிள்ளையைப் பயமுறுத்துற?" எப்பாப்பிரோதீத்து, எப்பாப்பிரோதீத்து என்றேன். சிரித்துவிட்டார். மகள் ராத்திரி பஸ் ஏறுகிறாள். நர்ஸ் கூப்பிடுகிறார்