குரங்குப் பெடல் காலம்

எண்பதுகளில் சைக்கிள் பழகியவர்களுக்குக் குரங்குப் பெடல் என்றால் விளக்கமே வேண்டாம். பெரியவர்களின் 28 அங்குலச் சக்கர வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, இடது கையில் ஹேண்டில்பார், வலது கையில் சீட் என்று பிடித்துக்கொண்டு மிதிப்போம். நாம் இடப்பக்கம் தொங்க, வண்டி வலப்பக்கம் சாய்ந்தே ஓடும். அந்த எடைக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை, உடம்பே கண்டுபிடித்தது! முதலில் அரைப் பெடல், அப்புறம் முழுப் பெடல், அப்புறம் பார், கடைசியில்தான் சீட்.

டயரோடு உரசிச் சுழலும் டைனமோவை மறக்க முடியுமா? மிதித்தால்தான் வெளிச்சம், நின்றால் இருட்டு. பயத்தில் இன்னும் வேகமாக மிதிப்போம், விளக்கு இன்னும் பளிச்சென்று எரியும்.

சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததே ஒரு சிறுவனால்தான். ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதைச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை பெற்றார். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீங்கள் முதன்முதலில் ஓட்டிய வண்டி என்ன நிறம்? என்னுடையது கரும்பச்சை.