பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் மிருதங்கம்

போன டிசம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து என்னோடு பெங்களூர் அல்சூரில் தங்க ஆரம்பித்ததிலிருந்து, காலையில் காபி போடும்போதே ஏதாவது ஒரு கச்சேரியை ஓடவிடுவது பழக்கமாகிவிட்டது. சமையலறை அலமாரியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர், அதுதான் அதுவரை வீட்டில் இருந்த மொத்த சங்கீத ஏற்பாடும். ஒரு நாள் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற பகுதி, போய்க்கொண்டிருந்தது. அம்மா தோசைக் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, இவர் ஒரு பக்கம் மட்டும்தான் வாசிக்கிறாரா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வலது பக்கத்து நம், தின் எல்லாம் கணீரென்று விழுகின்றன. தொம் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்புவதே அந்தக் கனத்துக்காகத்தான். அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த கனம் என் வீட்டு அலமாரி வரைக்கும் வந்து சேரவில்லை. இரண்டு அங்குல ஸ்பீக்கர் கூம்பு எவ்வளவு குதித்தாலும் அந்த ஆழத்துக்குத் தேவையான காற்றைத் தள்ளாது.

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்ஜெட் பத்தாயிரம், ஒரு ரூபாய் கூடக் கூடாது. அப்புறம் அளவுகோலும் ஒன்றுதான்: தொப்பி கேட்கிறதா, அதில் கும்கி புரிகிறதா. இடது கையின் அடிப்பகுதியைத் தோலின் மேல் அழுத்தி இழுக்கும்போது சுருதி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகுமே, அந்த வழுக்கல். அது தெளிவாக வந்துவிட்டால் மற்ற எதுவும் வந்துவிடும் என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

பத்தாயிரத்தில் ஆறாயிரத்து ஐந்நூறை ஸ்பீக்கருக்கே கொடுத்தேன். நாலு அங்குல வூஃபர், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்தது, பின்னால் ஆப்டிகல் இன்புட் உள்ளது, அலுவலகத் தோழி ஒருத்தி பயன்படுத்திய ஜோடி. இந்த விகிதம் சரியென்றுதான் இன்றும் சொல்வேன். ஸ்பீக்கரில் மிச்சம் பிடித்து டிஜிட்டல் பெட்டியில் பணம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கு டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான மின்சாரமாக மாற்றுகிற நானூறு ரூபாய் டிஏசி போர்டுகூட நம் காதுக்குப் போதுமான வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்தது புளூடூத்தை ஒழிப்பது. ஸ்பாட்டிஃபையில் நான் காசு கட்டிக் கேட்பது நொடிக்கு 320 கிலோபிட் ஆக் வார்பிஸ், அதாவது ஏற்கெனவே சுருக்கிய பாட்டு (செட்டிங்கில் தானியங்கி என்று இருப்பதை மாற்றி உச்சத்தில் வைக்க வேண்டும், நிறைய பேர் அங்கே போய்ப் பார்ப்பதே இல்லை). போன் அதை விரித்து, புளூடூத்தில் அனுப்புவதற்காக மறுபடியும் எஸ்பிசி என்ற வேறொரு முறையில் சுருக்கும். ஒருமுறை பிழிந்ததை இன்னொரு முறை பிழிகிற கதை. ஸ்பாட்டிஃபை கனெக்ட் வசதி உள்ள ஒரு பெட்டி ஸ்பீக்கரோடு இருந்தால் அது வைஃபை வழியாக நேரடியாகப் பாட்டை வாங்கிக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான். யாராவது கூப்பிட்டால் பாட்டு நிற்காது, நடுவில் வாட்ஸ்அப் சத்தம் வராது. அம்மாவுக்கு முதலில் பிடித்தது இதுதான்.

அந்தப் பெட்டியை நானே செய்தேன். மேசை இழுப்பறையில் 2018-இல் வந்த ராஸ்பெரி பை 3பி பிளஸ் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஹெட்போன் துளை உண்டு, ஆனால் அதில் வருவது முறையான டிஏசி வழியாக வரும் ஒலி அல்ல, பல்ஸை விரித்துச் சுருக்கி ஒப்பேற்றும் வித்தை. தம்புராவை மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் பின்னால் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கும். அதனால் ஒரு சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடு போய், நான் கன்னடத்தில் கேட்க அவர் தமிழில் பதில் சொன்ன ஒரு கடையில், பிசிஎம் 5102 சில்லு வைத்த சின்ன ஊதா போர்டை 450 ரூபாய்க்கு வாங்கினேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சில்லு, சத்தத்துக்கும் இரைச்சலுக்குமான இடைவெளி 112 டெசிபெல் என்று அதன் டேட்டா ஷீட் சொல்கிறது, சிடியின் 16 பிட்டுக்கு அதுவே தாராளம்.

இணைப்பது கடினமில்லை. பையின் 12-ஆவது பின்னிலிருந்து பிட் கிளாக், 35-இலிருந்து இடது வலது கிளாக், 40-இலிருந்து தரவு, அப்புறம் ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும். ஐந்தே ஒயர். நான் மாட்டிக்கொண்டது ஆறாவது இடத்தில். போர்டில் எஸ்சிகே என்று ஒரு துளை இருக்கிறது, அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிட வேண்டும், அப்போதுதான் சில்லு தனக்குத் தேவையான கிளாக்கைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டிருந்தேன். பாட்டுக்குப் பதிலாகக் கரகரவென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் மென்பொருளில் தேடிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கடுகளவு ஈயம், இரண்டு புள்ளிகளையும் தொடவைத்தேன், சுத்தமாகிவிட்டது.

பையைப் பாட்டுப் பெட்டியாக மாற்றுகிற மென்பொருள் மூட் ஆடியோ. இலவசம், கார்டில் எழுதி டிஏசி பட்டியலில் ஹைஃபைபெரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஊதா போர்டும் ஓடும். பவருக்குப் பழைய போன் சார்ஜரை மாட்டியதில் இரண்டு நாள் 'டிக் டிக்' என்று விட்டு விட்டுப் பாடியது. டிவியில் இணைத்துப் பார்த்தபோது மூலையில் மஞ்சள் மின்னல் குறி, வோல்டேஜ் 4.63-க்குக் கீழே விழுகிறது என்று அர்த்தம். 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கினதும் தீர்ந்தது.

இதெல்லாம் முடிந்து ஸ்பீக்கரை ஷோகேஸின் இரண்டு மூலைகளிலும் வைத்து ஓடவிட்டேன். தொப்பி கேட்டது, கேட்டதென்ன, பக்கத்திலிருந்த பீரோ கதவே நடுங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "கேக்குது, ஆனா எல்லா அடியும் ஒரே அடியா இருக்கே" என்றாள்.

அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கும்கி வழுக்கவில்லை, ஒரே இடத்தில் 'பூம் பூம்' என்று நின்றது. என் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு அடி என்றால் 3.66 மீட்டர், ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, சுவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒலியலை சரியாகப் பொருந்தி நிற்கிற இடங்கள் 47 ஹெர்ட்ஸிலும் 94 ஹெர்ட்ஸிலும் வரும். அந்தச் சுருதி வரும்போது மட்டும் அறையே சேர்ந்து பாடும். வழுக்கிக்கொண்டு போகிற சுருதியில் ஒரு புள்ளி மட்டும் இப்படிப் பெருத்துவிட்டால் வழுக்கல் எங்கே தெரியும்? மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் இது இன்னும் ஊதிப்போகும், நாம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் உச்சமாகக் கேட்கும். நான் இரண்டையும் செய்திருந்தேன். எங்கள் சோபா சுவரோடு ஒட்டித்தான் இருந்தது, யார் வீட்டில்தான் அப்படி இல்லை?

நண்பர் ஒருவரிடம் அளக்கிற மைக்கைக் கடன் வாங்கி, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன், 94 பக்கத்தில் ஒரு குன்று. ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து இறக்கினேன். கல்லறுக்கும் பட்டறையில் கிரானைட் துண்டுகள் இரண்டு, ஜோடி அறுநூறு, அவற்றை இரண்டு பழைய ஸ்டூல்கள் மேல் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், உட்கார்ந்தால் ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதுக்கு நேராக வரும் உயரத்தில் வைத்தேன். சோபாவை இரண்டரை அடி வெளியே இழுத்தேன். கணக்குப்படி மூன்றடியில்தான் அந்த 94 அடங்கும், அவ்வளவு இடம் இல்லை. மிச்சத்துக்கு மூட் ஆடியோவின் ஈக்வலைசரில் அந்தப் புள்ளியை மட்டும் 4 டெசிபெல் குறைத்தேன். குறைப்பது மட்டும்தான் செய்ய வேண்டும், பள்ளமாக இருக்கிற இடத்தை ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர்தான் திணறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஊரிலிருந்து வந்த பவானி ஜமக்காளத்தை டைல்ஸ் தரையில் விரித்தேன். அது மெல்லிய பருத்தி, கைத்தட்டினால் எதிரொலிக்கிற கூர்மை கொஞ்சம் மட்டுப்படும், கீழ் ஸ்தாயிக்கு ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்குத் தடித்த திரை ஒன்று. செலவு முடிந்தது, பத்தாயிரத்தில் கொஞ்சம் சில்லறை மிச்சமும் இருந்தது.

நடுவில் ஒரு தொல்லை: டிவியையும் ஆக்ஸ் ஒயரில் இதே ஸ்பீக்கரோடு இணைத்ததும் ம்ம்ம் என்று ஒரு ஹம், தம்புரா சுருதிக்கே போட்டி. கேபிள்காரர் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கினால் நின்றது. அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வெவ்வேறு மட்டத்தில் இருந்து ஸ்பீக்கர் வழியாகக் கைகோர்த்தது காரணம். டிவியை ஆப்டிகல் ஒயருக்கு மாற்றினேன், அதில் போவது வெறும் வெளிச்சம், மின்சாரம் தொடர்பே இல்லை, ஹம் போய்விட்டது. தயவுசெய்து பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இதைத் தீர்க்காதீர்கள். ஹம் நிற்கும், ஆனால் ஷாக் அடித்தால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

ராமநவமி சமயத்தில் சாமராஜ்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துக் கச்சேரிக்கு அம்மாவை அழைத்துப்போனேன். ராமசேவா மண்டலி 1939-இலிருந்து நடத்துகிற கச்சேரிகள், பந்தலுக்கு அடியில் ஆயிரம் பேர் நடுவில் உட்கார்ந்து தனி கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு அம்மா பழைய பதிவு ஒன்றைப் போடச் சொன்னாள். கும்கி வந்தபோது அவள் இடது கை தொடைமேல் தானாக இழுத்தது. "அங்கே கேட்ட கனம் இல்ல, ஆனா வழுக்கறது நல்லாவே தெரியறது" என்றாள்.

சோபா இன்னும் ஹாலின் நடுவில்தான் இருக்கிறது. பாத்ரூம் போக அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பின்னால் தள்ளிவிடட்டுமா என்று போன வாரம் கேட்டேன், இருக்கட்டும் என்றுவிட்டாள்.