வெள்ளகவி போய் வந்த கதை: ‘மீடியம்’ என்றால் என்ன?

முழங்காலில் தைலம் தேய்த்தபடிதான் இதை எழுதுகிறேன். “மீடியம் ட்ரெக்தான் மாமா, நீங்க தாராளமா வரலாம்” என்று அக்கா மகன் சொன்னதை நம்பிக் கிளம்பினேன். கொடைக்கானல் ஏரி, வட்டக்கானல், டால்பின் நோஸ் பாறை, அங்கிருந்து கீழே வெள்ளகவி என்ற மலைக்கிராமம், மறுபடி மேலே. எல்லாம் ஒரே நாளில். போகிறவர்களுக்கு உதவுமே என்று வழியையும் செலவையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பஸ். வத்தலக்குண்டில் ஏறினோம், கடைசி சீட்டுதான் கிடைத்தது. மலைப்பாதையில் கடைசி சீட்டில் உட்காருவதற்கு நின்றுகொண்டே போய்விடலாம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு சாண் எழும்பி விழுந்தோம். முன்சீட்டுக் குழந்தை பெருமாள்மலை வருவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டது. அதன் அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முகரக் கொடுத்தார். நானும் கூச்சத்தை விட்டு ஒன்று கேட்டு வாங்கி முகர்ந்தேன். பஸ்ஸில் ஒரே நன்மை, இ-பாஸ் தொல்லை இல்லை. காரில் போனால் 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

லாட்ஜைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பளி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை. படகும் இல்லை, குதிரைக்காரர்களும் இல்லை. தண்ணீரிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டுவித்த ஏரி இது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? அந்த நேரத்தில் பார்த்தால் மலை பிறந்தபோதே கூடப் பிறந்ததுபோல இருக்கிறது. பத்து மணிக்கு அதே இடத்தில் ஹாரன் சத்தம்தான் கேட்கும். கொடைக்கானல் போகிறவர்கள் விடியலிலேயே எழுந்துவிடுங்கள், தூங்குவதற்கு வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம்.

வட்டக்கானல் போக ஒரு ஜீப்காரரிடம் கேட்டோம். எழுநூறு ரூபாய்! ஒரு மணி நேரம் நடந்தால் வந்துவிடும் தூரம். “ரோடு மோசம் சார், டயர் தேயும்” என்றார். எங்கள் செருப்பு தேயட்டும் என்று நடந்தோம். பாம்பார்புரம் தாண்டி ஒரு வளைவில் காட்டுமாடு நின்றது. கறுத்த உடம்பு, முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோலக் கால்கள். வேலியோரப் புல்லை நிதானமாக மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது. அது போகும்வரை இருபது நிமிடம் அசையாமல் நின்றோம். எழுநூறு மிச்சப்படுத்தியவனுக்கு அந்த இருபது நிமிடத்தில் ஜீப்பின் அருமை தெரிந்தது.

டால்பின் நோஸ் கடையில் பிரெட் ஆம்லெட். குளிரில் நடுங்கும் கையில் சூடான தட்டு, மேலே தாராளமாக மிளகு. இரண்டாவதும் சொன்னேன். கூட வந்த அக்கா மகன் பட்ஜெட்டை நினைவுபடுத்தினான், காதில் விழாததுபோல இருந்துவிட்டேன். பாறையிலிருந்து பார்த்தால் நேர் கீழே சமவெளி, பெரியகுளம் பக்கம், வெயிலில் ஒரு தகடுபோல வைகை அணை.

அங்கிருந்து கீழே இறங்கும் பாதை வேர்களும் உருட்டுக் கற்களுமாக இருக்கிறது. இறங்க இறங்கச் சோலையின் குளிர் போய் வியர்க்க ஆரம்பித்தது. காப்பிச் செடி, பலா, பட்டர் ஃப்ரூட் என்று மரங்களே மாறிவிட்டன. எதிரே மூட்டை சுமந்த கோவேறு கழுதைகள் வந்தன. நாங்கள் ஒதுங்கினோம், அவை ஒதுங்குவதாக இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஊர் வந்தது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

வெள்ளகவிக்குள் செருப்பு போடக் கூடாது. ஊரெங்கும் கோயில்கள், வீடுகளுக்கு நடுவே, வீட்டை ஒட்டி. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சூடான கல்லில் குதித்துக் குதித்து நடந்த என்னைப் பார்த்து, கூடவே நடந்து வந்த அந்த ஊர்ச் சின்னப் பெண் ஒருத்தி சிரித்தாள். ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார், உப்புப் போட்டது. இரண்டு சொம்பு குடித்தேன். காசு கொடுத்தபோது, “இதுக்கெல்லாமா?” என்று சொல்லி, போகிறபோது இரண்டு பழத்தையும் பையில் போட்டார்.

ஏற்றத்தைப் பற்றி என்ன எழுதுவது? பொதுவாக மலையில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். உச்சி வெயிலில், நிறைந்த வயிற்றோடு, இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். மூன்றரை மணி நேரம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இல்லாமல் இறங்காதீர்கள். எங்களிடம் இரண்டுபேருக்கும் சேர்த்தே அவ்வளவுதான் இருந்தது. பாதி வழியில் பாட்டியின் பழம் ஒன்றைக் கடித்து உறிஞ்சினேன். “மீடியம்னா என்னடா?” என்று பையனைக் கேட்டேன். பதில் வரவில்லை. அவனும் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

செலவுக் கணக்கு எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. எழுதி வைத்த சீட்டு வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது. கடைசி வரி மட்டும் நினைவிருக்கிறது. வட்டக்கானல் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. காலையில் பார்த்த அதே ஜீப், அதே ஆள். “பஸ் ஸ்டாண்டா சார்? எண்ணூறு” என்றார்.

பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.