பரங்கிமலைச் சிலுவையும் சாந்தோம் கல்லறையும்

பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கி, ராணுவக் குடியிருப்பின் மரநிழலில் நடந்து மலையடிவாரத்தை அடைந்தபோது காலை ஏழு மணியாகியிருந்தது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தச் செலவில் கட்டுவித்த படிகளின் வழியே ஏறினேன். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொடுத்தவரும் அவரே. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமா இந்த மலையில்தான் கொல்லப்பட்டார் என்பது இங்குள்ள மரபு. அவர் தமிழகத்துக்கு வந்தாரா, சிந்து நதிக்கரையோடு நின்றுவிட்டாரா, பண்டைய ஈரானியப் பேரரசான பார்த்தியாவைத் தாண்டவே இல்லையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கின் சாட்சிகளில் நம்மூரில் இருப்பவற்றை ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் திட்டம்.

மேலே திருப்பலி நடந்துகொண்டிருந்தது. பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையை நெருங்க முடியாமல் கடைசி வரிசையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு அருகில் சென்று பார்த்தேன். கருமை படிந்த ஒரே பலகைக்கல். முனைகள் மொட்டுப்போல் விரிந்த சிலுவை படிகளின்மேல் நிற்கிறது; அதன் தலைக்கு மேல் ஒரு புறா கீழ்நோக்கி இறங்குகிறது; இருபுறத் தூண்களிலும் நம் கோயில் தோரணங்களில் காணும் மகரங்களை ஒத்த உருவங்கள். இவற்றைச் சுற்றி வளைவாக ஒரு வரி எழுத்து ஓடுகிறது. 1547-இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த இக்கல்லைத் தோமாவே தம் கையால் செதுக்கினார் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். ஆனால் அந்த எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. வாசகத்தின் பொருளில் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொன்னாலும், மொழியைப் பற்றி ஐயமில்லை. காலம் ஏறக்குறைய 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் அடங்கும். ஆக, தோமாவுக்கும் இக்கல்லுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளாவது இருக்கின்றன. எனினும் என் பார்வையில் சென்னையில் உள்ள சாட்சிகளிலேயே நம்பத்தகுந்தது இதுதான். கோட்டயம் வலியபள்ளியிலும் இதே வகைச் சிலுவைகள் இருக்கின்றன. கடல் வழியே வந்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் இக்கரையிலும் அக்கரையிலும் வாழ்ந்தார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, பொய்யும் சொல்வதில்லை.

சின்னமலைக் குகையில் பத்து நிமிடங்களே இருந்தேன். தோமா ஒளிந்திருந்த இடம் என்று காட்டுகிறார்கள். சரித்திரத்துக்கு அங்கே பிடிமானம் இல்லை.

சாந்தோமில் இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கோபுரக் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தில், 1896-இல், அருட்பொழிவு செய்யப்பட்டது. தோமாவுடையது என்று சொல்லப்படும் கல்லறை அதற்கு அடியில் இருக்கிறது. 1293-ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் (சோழமண்டலக் கரை) நாட்டில் வணிகர் அதிகம் வராத ஒரு சிற்றூரில் தோமாவின் உடல் இருப்பதாகவும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வருவதாகவும், அவ்விடத்துச் செம்மண்ணை நீரில் கரைத்துக் காய்ச்சலுக்குக் கொடுப்பதாகவும் எழுதினார். மயில்களுக்கு நடுவே செபித்துக்கொண்டிருந்தவர்மீது, மயிலைக் குறிவைத்த வேடனின் அம்பு தவறிப் பாய்ந்தது என்பது அவர் கேட்ட கதை. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூலான தோமா பணிகளிலோ, அரசனின் கட்டளைப்படி நான்கு வீரர்கள் அவரை மலையில் ஈட்டியால் குத்துகிறார்கள், மயிலே இல்லை. மயிலை என்ற ஊர்ப்பெயரிலிருந்துதான் அந்த மயில்கள் கதைக்குள் பறந்து வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோமா வந்தது சிந்து நதி பாயும் வடமேற்குக்கே என்று வாதிடும் கட்சியின் பலம் அந்தச் சிரியாக் நூல்தான். அதில் தோமா கொண்டோபரஸ் என்ற அரசனுக்கு மாளிகை கட்டித்தர ஒப்புக்கொண்டு, பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை விண்ணுலகில் இருக்கிறது என்கிறார். இந்த அரசன் கற்பனை என்றே பலர் எண்ணியிருந்த நிலையில், 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. இன்றைய பாகிஸ்தானின் தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனது 26-ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது. பெரும்பாலோர் கணக்கில் அது கி.பி. 46 அளவில் வருகிறது. காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் கிருஷ்ணதேவராயர் மெய்யான அரசர் என்பதற்காகத் தெனாலிராமன் கதைகள் அத்தனையும் நடந்தவை ஆகிவிடுமா?

தோமாவுக்குப் பார்த்தியா பங்காகக் கிடைத்தது என்று பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென் சொன்னதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ் எழுதுகிறார். கேரள மரபோ அவர் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்கிறது. கடல்வழியை நினைத்தால் இதில் வியப்பில்லை. செங்கடல் முகப்பிலிருந்து பருவக்காற்றில் நாற்பது நாளில் சேரர் துறைமுகமான முசிறியை அடையலாம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயர்ந்த துறை அது. வர முடியும் என்பது உறுதி. வந்தார் என்பதற்கு அக்காலத்துச் சான்று இல்லை. கிரேக்க, சிரியாக் எழுத்தாளர்களுக்கு இந்தியா என்பது எல்லை தெரியாத பெரும்பரப்பு என்பதால் இரு கட்சியும் அதே வரிகளைத் தமக்காக வாசிக்கின்றன. 2006-இல் போப் பதினாறாம் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை சென்றார், கிறிஸ்தவம் அங்கிருந்து தெற்கையும் அடைந்தது என்று பேசியது கேரளத்தில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது.

கல்லறைக்குள் இறங்கினேன். 1523-இல் போர்த்துகீசியர் இங்கே தோண்டியபோது எலும்புகளும் ஈட்டிமுனையும் மண் நிறைந்த ஒரு கலயமும் கிடைத்ததாகக் குறிப்பு உண்டு. ஆனால் 373-இல் இறந்த சிரியாக் கவிஞர் எஃப்ரேம், தோமாவின் எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து இன்றைய துருக்கியில் உள்ள எடெசாவுக்குக் கொண்டுவந்துவிட்டதாகப் பாடினார். அவை பின்னர் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கும், 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கும் சென்றதாகச் சொல்கிறார்கள். எலும்புகள் எப்போதோ போய்விட்டன என்றால் 1523-இல் கிடைத்தவை யாருடையவை? ஒரு பகுதி இங்கேயே தங்கியது என்பது வழக்கமான பதில்.

கண்ணாடிப் பேழைக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த மூதாட்டி ஒருவர், தம் கைக்குட்டையைக் கண்ணாடியில் ஒற்றி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டேன்.

"தூத்துக்குடி பக்கம் தம்பி. பேரனுக்கு மூணு நாளாக் காய்ச்சல்," என்றார்.

மார்க்கோ போலோ குறிப்பிட்ட மண் இங்கே இப்போது கிடைப்பதில்லை. தரை முழுவதும் வழவழப்பான கல் பாவியிருக்கிறார்கள்.